ஆப் அலசல்: பீச் ஸ்டேஷனில் இறங்கினால் மெரினாவா? புதுப் பயணிக்கு வழி சொல்ல பஸ் ஆப் எப்படி மாற வேண்டும்?

‘சென்னை பீச்’ என்று போர்டு போட்ட மின்சார ரயிலைப் பார்த்ததும், ஊருக்குப் புதியவர் என்ன நினைப்பார்? மெரினாவுக்குப் போகிற ரயில் என்றுதான். கடைசி ஸ்டேஷன் வரை உட்கார்ந்திருந்து இறங்கிப் பார்த்தால் மணலும் இருக்காது, சுண்டலும் இருக்காது. வெளியே ராஜாஜி சாலை. அதற்கு அந்தப் பக்கம் துறைமுகம். மெரினா போக வேண்டியவர் வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலில் ஏறி சேப்பாக்கத்திலோ, திருவல்லிக்கேணியிலோ, கலங்கரை விளக்கத்திலோ இறங்கியிருக்க வேண்டும்.

சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு இது சிரிப்பு. ஆனால், வெளியூரிலிருந்து வேலைக்கான நேர்காணலுக்கோ, அரசுத் தேர்வுக்கோ, ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கவோ வந்தவருக்கு இது அரைநாள் நஷ்டம். தேர்வுக்கூடத்தின் கதவை மூடிவிட்டால் மூடியதுதான். “தப்பான ஸ்டேஷன்ல இறங்கிட்டேன் சார்” என்றால் யாரும் திறக்கப்போவதில்லை.

கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. அதில் ஆப்பும் இருக்கிறது. அப்படியும் ஏன் புதியவர்கள் ஆட்டோ ஸ்டாண்டைத் தேடுகிறார்கள்? பல போக்குவரத்து ஆப்களில் உள்ள சிக்கல் ஒன்றுதான். ஊரை ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் அவை நன்றாக வழி சொல்கின்றன.

பெயரிலேயே ஆரம்பிக்கும் குழப்பம்

இன்னும் சில உதாரணங்களைப் பாருங்கள்.

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வருகிறவர் சென்ட்ரல் போக வேண்டும். அந்தத் தடத்தில் ‘சென்ட்ரல்’ என்ற பெயரில் ஸ்டேஷனே கிடையாது. ‘பார்க்’ என்ற ஸ்டேஷனில் இறங்கி, சாலையைக் கடந்து போக வேண்டும். பலகையில் ‘சென்னை பூங்கா’ என்று இருந்தால், ஏதோ பூங்கா என்று நினைத்துக்கொண்டு புதியவர் உட்கார்ந்தே இருப்பார்.

விமான நிலையத்துக்கு மின்சார ரயிலில் போகிறவர், பேர் பெற்ற ‘மீனம்பாக்கம்’ வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார். விமான நிலையத்துக்கு எதிரே இருப்பது அதற்கு அடுத்த ஸ்டேஷனான திரிசூலம். மெட்ரோவிலும் இதே கதைதான். மீனம்பாக்கம் ஒரு ஸ்டேஷன், விமான நிலையம் அதற்கு அடுத்த ஸ்டேஷன்.

கோயம்பேடு பஸ் ஸ்டாண்டுக்கு மெட்ரோவில் போகிறவர் ‘கோயம்பேடு’ என்று தேடி டிக்கெட் எடுப்பார். பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருப்பது ‘கோயம்பேடு’ மெட்ரோ அல்ல, பக்கத்தில் இருக்கும் சி.எம்.பி.டி. மெட்ரோ. அதன் முழுப்பெயர், ‘புரட்சித் தலைவி டாக்டர் ஜெ.ஜெயலலிதா சி.எம்.பி.டி. மெட்ரோ’. முதல் தடவை வருகிறவருக்கு இந்தப் பெயரைத் தேடத் தோன்றுமா?

இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய ஊர்களில் பெயர்கள் இப்படித்தான் அடுக்கடுக்காகச் சேரும். எக்மோரும் எழும்பூரும் ஒன்று. பரங்கிமலையும் செயின்ட் தாமஸ் மவுன்ட்டும் ஒன்று. டி.நகரும் தியாகராய நகரும் ஒன்று. ஊர்க்காரருக்கு இது தானாகத் தெரியும். புதியவருக்கு இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாகத்தான் ஆப் இருக்க வேண்டும்.

சென்னைக்கு இது ஏன் இப்போது அவசரம்?

2023 டிசம்பர் 30-ம் தேதி கிளாம்பாக்கம் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென் மாவட்டங்களிலிருந்து வருகிற பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து சென்ட்ரல் சுமார் 30 கிலோமீட்டர். முன்பெல்லாம் கோயம்பேட்டில் இறங்கினால், ஊருக்குள் வந்து சேர்ந்துவிட்டோம் என்ற நிம்மதி இருக்கும். இப்போது ராத்திரி முழுக்கப் பயணம் செய்து விடியற்காலையில் இறங்கிய பிறகுதான் சென்னைக்குள் போகும் பயணமே தொடங்குகிறது. மாநகர பஸ்ஸா, மின்சார ரயிலா, எங்கே மாறுவது, எவ்வளவு நேரம்? அரைத் தூக்கத்தில் எடுக்க வேண்டிய முடிவுகள் இவை.

ஆப்களும் இல்லாமல் இல்லை. மாநகரப் போக்குவரத்துக் கழகம் பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் ‘சென்னை பஸ்’ ஆப்பை 2022-ல் கொண்டுவந்தது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் க்யூஆர் டிக்கெட் எடுக்க வழிசெய்யும் ‘சென்னை ஒன்’ ஆப், 2025 செப்டம்பர் 22-ம் தேதி தொடங்கிவைக்கப்பட்டது. இதைக் கொண்டுவந்தது சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாக ‘கும்டா’. மூன்று வரிசைகளில் நின்று வாங்க வேண்டிய டிக்கெட் ஒரே போனுக்குள் வந்தது நிச்சயம் பெரிய வசதிதான்.

டிக்கெட் எடுப்பது சுலபமாகிவிட்டது. எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்ற கேள்விதான் அடுத்த படி. அடுத்தடுத்து வரும் அப்டேட்கள் எல்லாம் புதுப் பயணியை மனதில் வைத்து வர வேண்டும் என்பது அதனால்தான்.

ஸ்கிரீனுக்குப் பின்னால் ஒரு பட்டியல்

ஆப்பை மாற்றுவது என்றால் கலரை மாற்றி, பட்டனை நகர்த்துவது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையான வேலை திரைக்குப் பின்னால் இருக்கிறது.

அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் ‘ட்ரைமெட்’ என்ற போக்குவரத்து நிறுவனம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த பிபியானா மெக்ஹியூ என்பவருக்கு ஒரு எரிச்சல். வெளியூர் போனால் காரில் போகும் வழி இணையத்தில் உடனே கிடைக்கிறது, பஸ்ஸில் போகும் வழி மட்டும் கிடைப்பதில்லை. அவர் கூகுளை அணுகினார். 2005 டிசம்பரில் போர்ட்லேண்ட் பஸ், ரயில் விவரங்களோடு கூகுளின் பயண வழிகாட்டி வந்தது. அதற்காக உருவான தகவல் வடிவம்தான் ஜி.டி.எஃப்.எஸ். இன்று உலகம் முழுக்க எத்தனையோ நகரங்கள் பயன்படுத்துவது இதைத்தான்.

பெயர் மிரட்டினாலும் விஷயம் எளிது. அது சில பட்டியல்களின் தொகுப்பு. நிறுத்தங்கள் ஒரு பட்டியல், தடங்கள் ஒரு பட்டியல், எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்பது இன்னொரு பட்டியல். பஸ்ஸில் இருக்கும் ஜி.பி.எஸ் கருவி ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அனுப்பும் தகவலை இவற்றோடு சேர்த்துப் பார்த்துத்தான் ‘4 நிமிடத்தில் வரும்’ என்று ஆப் காட்டுகிறது.

இங்கேதான் முக்கியமான சங்கதி. பட்டியலில் நிறுத்தத்தின் பெயர் எப்படி இருக்கிறதோ, ஆப்பிலும் அப்படித்தான் வரும். பட்டியலில் ‘மீனம்பாக்கம்’ மட்டும் இருந்து, ‘விமான நிலையத்துக்குத் திரிசூலத்தில் இறங்கவும்’ என்ற குறிப்பு இல்லையென்றால், எவ்வளவு அழகான ஸ்கிரீனும் பயணியைக் காப்பாற்றாது. ஆகவே, புதுப் பயணிக்கான மாற்றம் இந்தப் பட்டியலைத் திருத்துவதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என்னென்ன மாற வேண்டும்?

1. நிறுத்தத்தைக் கேட்காதே, போகும் இடத்தைக் கேள்

புதியவருக்கு நிறுத்தத்தின் பெயர் தெரியாது. ‘ஜி.ஹெச்’, ‘எக்மோர் குழந்தைகள் ஆஸ்பத்திரி’, ‘அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி’, ‘தலைமைச் செயலகம்’ என்று அவருக்கு இடம்தான் தெரியும். அப்படித் தட்டினாலும் ஆப் புரிந்துகொள்ள வேண்டும். ‘திநகர்’, ‘டி நகர்’, ‘தி.நகர்’, ‘தியாகராய நகர்’ எப்படி எழுதினாலும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். புள்ளி ஒன்று விட்டுப்போனதற்காக ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்று கைவிரிக்கக் கூடாது.

2. சாலையின் எந்தப் பக்கம்?

புதியவர் அதிகம் தவறுவது இதில்தான். ஒரே பெயரில் சாலையின் இரண்டு பக்கமும் இரண்டு நிறுத்தங்கள். தவறான பக்கத்தில் நின்றால் அதே நம்பர் பஸ் வரும், ஆனால் எதிர்த்திசையில் போகும். ‘மேற்கு நோக்கி 50 மீட்டர் நடக்கவும்’ என்றால், புது ஊரில் இறங்கியவருக்குக் கிழக்கே தெரியாது, மேற்குக்கு எங்கே போவார்? ‘சாலையைக் கடந்து, பெட்ரோல் பங்க் பக்கம் இருக்கும் நிறுத்தம்’ என்று சொன்னால் புரியும். நிறுத்தத்தின் ஒரே ஒரு போட்டோ இருந்தால் இன்னும் நல்லது.

3. பஸ் நம்பருக்கு விளக்கம்

21ஜி, 29சி, 12பி... தினமும் போகிறவருக்கு இவை நெருங்கிய நண்பர்கள். புதியவருக்கு அல்ஜீப்ரா. போதாக்குறைக்கு ‘கட்’ சர்வீஸ் வேறு. முழுத் தடமும் போகாமல் பாதியிலேயே முடிந்துவிடும் பஸ் அது. ஒரு வார்த்தையைக் கவனிக்காததால் நடுவழியில் இறங்கி நிற்க வேண்டியிருக்கும். ‘இந்த பஸ் நீங்கள் போகும் இடம் வரை போகாது’ என்று ஆப் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும்.

தென்கொரியாவின் சியோல் நகரம் 2004 ஜூலையில் தன் பஸ்களை மொத்தமாக மாற்றியமைத்தது. நீண்ட தூரத் தடங்களுக்கு நீலம், ரயில் நிலையங்களுக்குக் கொண்டுபோய் விடும் பஸ்களுக்குப் பச்சை, புறநகர் விரைவு பஸ்களுக்குச் சிவப்பு, நகர மையத்துக்குள் சுற்றும் பஸ்களுக்கு மஞ்சள். நீல பஸ்ஸின் நம்பரைப் பார்த்தாலே எந்தப் பகுதியில் கிளம்பி எந்தப் பகுதிக்குப் போகிறது என்று தெரியும். சென்னையில் எல்லா நம்பரையும் மாற்றத் தேவையில்லை. நம்பருக்குப் பக்கத்தில் ‘பெரம்பூர் - பெசன்ட் நகர்’ என்று இரண்டு முனையையும் பெரிய எழுத்தில் காட்டினாலே பாதிப் பிரச்னை தீரும்.

4. எந்த பஸ்ஸுக்கு எவ்வளவு?

சாதாரண பஸ், டீலக்ஸ், ஏ.சி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம். சாதாரண பஸ்ஸில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2022-ல் அந்த பஸ்களை அடையாளம் காண பிங்க் நிறம் அடித்தார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியும். வேறு மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு யார் சொல்வது? ‘இந்த பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம்’ என்று வழிக்குப் பக்கத்திலேயே ஒரு வரி இருந்தால், மாதக் கடைசியில் அது அவருக்கு எத்தனையோ ரூபாய்.

5. சீக்கிரம் மட்டுமே சிறந்ததல்ல

பெரும்பாலான ஆப்கள் முதலில் காட்டுவது சீக்கிரம் போகும் வழியை. இரண்டு பஸ் மாறி, நடுவில் ஒரு மெட்ரோ பிடித்தால் 12 நிமிடம் மிச்சம் என்று சொல்லும். வயதான அம்மாவோடு, இரண்டு பைகளோடு வந்தவருக்கு அந்த 12 நிமிடம் வேண்டாம். ஏறினால் இறங்கும் இடம் வரை உட்கார்ந்தே போகும் ஒரே பஸ் போதும். ‘மாறாமல் போக’, ‘குறைவாக நடக்க’, ‘குறைந்த செலவில் போக’ என்று மூன்று பட்டன்களை முதலிலேயே வைத்துவிடலாம். படிக்கட்டு ஏற முடியாதவருக்கு, லிஃப்ட் எந்த வாசலில் இருக்கிறது என்பதுகூட வழியின் ஒரு பகுதிதான்.

6. இறங்கும்வரை கூடவே வர வேண்டும்

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் புதியவரின் பதற்றமே ஆரம்பிக்கிறது. “அண்ணே, சைதாப்பேட்டை வந்துருச்சா?” என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேட்க அவருக்குக் கூச்சம். இன்னும் மூன்று நிறுத்தம், இன்னும் இரண்டு, அடுத்து நீங்கள் இறங்க வேண்டும் என்று போன் அதிர்ந்து சொல்ல வேண்டும். தவறவிட்டுவிட்டால் ‘பரவாயில்லை, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் வாருங்கள்’ என்று திருப்பிக் கூட்டிவர வேண்டும்.

7. உண்மையைச் சொல்ல வேண்டும்

‘5 நிமிடத்தில் பஸ்’ என்பது ஜி.பி.எஸ் சொன்னதா, கால அட்டவணையில் இருப்பதா? இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். அட்டவணை நேரத்தை நிஜ நேரம்போலக் காட்டினால், ஒரே நாளில் நம்பிக்கை போய்விடும். அமெரிக்காவின் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஒன்பஸ்அவே’ என்ற ஆப்பை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2011-ல் வெளியானது. பஸ் வரும் நிஜ நேரம் தெரியாமல் நின்றவர்களுக்கு, காத்திருந்த நேரம் உண்மையில் இருந்ததைவிட நீளமாகத் தோன்றியது. நிஜ நேரம் தெரிந்தவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. பஸ் தாமதமானாலும் பரவாயில்லை, எவ்வளவு தாமதம் என்று சொல்லிவிட்டால் மனது அமைதியாகிவிடுகிறது.

8. படிக்கத் தெரியாதவருக்கும்

மெக்சிகோ சிட்டியின் மெட்ரோ 1969-ல் தொடங்கப்பட்டபோது, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு படச் சின்னம் வைத்தார்கள். வடிவமைப்பாளர் லான்ஸ் வைமன் தலைமையில் உருவானவை அவை. எழுத்து தெரியாவிட்டாலும் படத்தைப் பார்த்து இறங்கலாம். அரை நூற்றாண்டு தாண்டியும் அந்தச் சின்னங்கள் அங்கே இருக்கின்றன. கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வட மாநிலங்களிலிருந்து வருகிறவர்கள், தமிழும் ஆங்கிலமும் படிக்க வராதவர்கள், எழுத்துக் கூட்டவே சிரமப்படும் நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோருக்கும் படமும் குரலும்தான் மொழி. மைக்கை அழுத்தி ‘ஜி.ஹெச் போகணும்’ என்று சொன்னால், குரலிலேயே பதில் வர வேண்டும்.

9. கதவிலேயே தடுக்கக் கூடாது

வழி பார்க்க வந்தவரிடம் முதலில் போன் நம்பர், பிறகு ஓ.டி.பி, பிறகு பெயர், பிறகு நான்கு அனுமதிகள் கேட்டால், அதற்குள் பஸ் போய்விடும். டிக்கெட் வாங்கும்போது அந்த விவரங்கள் தேவைப்படலாம். வழி பார்ப்பதற்கு எதற்கு? இன்னொன்று, நெட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒருமுறை பார்த்த வழியும் எடுத்த டிக்கெட்டும் நெட் இல்லாவிட்டாலும் திறக்க வேண்டும்.

பழைய பயணிகள் கோபிப்பார்களே?

கோபிப்பார்கள், அது நியாயமும்கூட. தினமும் காலை 8 மணிக்கு ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கை கட்டைவிரலால் இரண்டே தட்டில் டிக்கெட் எடுக்கிறவருக்கு, அந்த பட்டன் இடம் மாறினால் எரிச்சல்தான் வரும். அவருக்கு விளக்கமும் வேண்டாம், குரலும் வேண்டாம்.

இரண்டு பேருக்கும் இடம் கொடுக்க முடியும். முதல் ஸ்கிரீனின் மேலே ‘எங்கே போகணும்?’ என்ற ஒரே கேள்வி, அதற்குக் கீழே வழக்கமாகப் போகும் தடங்கள். புதியவருக்குக் கீழ்ப்பகுதி காலியாக இருக்கும். போகப் போக அது நிறையும். ஒரே வழியில் பத்து முறை போனவருக்கு ‘சாலையைக் கடக்கவும்’ என்ற குறிப்பு தானாகவே மறைந்துவிடலாம். வீட்டுக்குப் புதிதாக வந்த விருந்தாளிக்கு பாத்ரூம் எங்கே என்று காட்டுவோம். வீட்டு ஆளிடம் தினமும் காட்டிக்கொண்டிருக்க மாட்டோம் அல்லவா?

சோதிக்க ஒரு சுலபமான வழி

இது சரியாக வந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க கோடிகள் தேவையில்லை. ஆப்களையும் இணையதளங்களையும் மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் ஜேக்கப் நீல்சன் 2000-ம் ஆண்டில் ஒரு விஷயத்தை எழுதினார். வெறும் 5 பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்பது அவர் வாதம்.

கிளாம்பாக்கத்தில் விடியற்காலை பஸ்ஸிலிருந்து இறங்கும் 5 பேரிடம் போனைக் கொடுத்து, “எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வழி பாருங்க” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் சும்மா நின்றால் போதும். உதவி செய்யக் கூடாது. எந்த இடத்தில் விரல் தயங்குகிறது, எந்த இடத்தில் “தம்பி, இது என்னப்பா?” என்று நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஏ.சி அறையில் உட்கார்ந்து பேசும் பத்து மீட்டிங்கைவிட அந்தக் குறிப்புக்கு மதிப்பு அதிகம்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியவை

ஊரிலிருந்து உங்கள் வீட்டுக்கு யாராவது வருகிறார்களா? கிளம்பும் முன்பே இவற்றைச் செய்துவிடுங்கள்.

* ஆப்பை ஊரிலேயே இன்ஸ்டால் செய்து, ஓ.டி.பி வேலைகளை முடித்து வைக்கச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தில் நின்று செய்யும் வேலையல்ல அது.

* இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயரோடு, அதற்கு முந்தைய இரண்டு நிறுத்தங்களின் பெயரையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். “எக்மோர் தாண்டினதும் எந்திரிச்சு நில்லுங்கப்பா, அடுத்தது பார்க். அங்கதான் இறங்கணும்” என்ற ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும்.

* வழி காட்டும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நெட் போனாலும் கைகொடுக்கும்.

* பஸ் நம்பரை மட்டும் சொல்லாமல், போர்டில் இருக்க வேண்டிய ஊர்ப்பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

* கையில் கொஞ்சம் சில்லறை இருக்கட்டும். போன் சார்ஜ் போனாலும் கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம்.

* ஆப்பில் ஒரு நிறுத்தத்தின் பெயரோ இடமோ தவறாக இருந்தால், சலித்துக்கொண்டு மூடிவிடாமல் அதிலுள்ள புகார் பகுதியில் இரண்டு வரி எழுதுங்கள். திருத்த வேண்டிய பட்டியல் பின்னால் இருக்கிறது. எந்த வரி தவறு என்று அந்த நிறுத்தத்தில் தினமும் நிற்கும் உங்களுக்குத்தான் தெரியும்.

பஸ்ஸிலும் ரயிலிலும் தினமும் போகிற எல்லோரும் ஏதோ ஒரு நாள் புதியவர்களாக இருந்தவர்கள்தான். அன்றைக்கு யாரோ ஒரு கண்டக்டரோ, பக்கத்து சீட் அக்காவோ இறங்க வேண்டிய இடத்தில் தோளைத் தட்டிச் சொல்லியிருப்பார். அந்தத் தட்டலை ஒரு ஆப்பால் செய்ய முடிந்தால், விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் இறங்குகிறவர் முதல் கேள்வியாக “ஆட்டோ எவ்வளவு?” என்று கேட்க வேண்டியிருக்காது.